கிரிபயேதவ் கால்வாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரப் படங்களைத் தேடினால், வண்ண வண்ணக் கூம்புகளோடு ஒரு தேவாலயம் தண்ணீரை ஒட்டி நிற்கும் படம் நிச்சயம் வரும். அந்தத் தண்ணீர்தான் கிரிபயேதவ் கால்வாய். தேவாலயத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இங்கே கால்வாய்தான் கதாநாயகன். மற்றவை எல்லாம் அதன் கரைக்கு வந்துபோனவை.

கால்வாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

நகரின் நடுவே உள்ள மார்ஸ் மைதானத்துக்குப் பக்கத்தில் மொய்க்கா ஆற்றிலிருந்து பிரிகிறது. நெவ்ஸ்கி பெருஞ்சாலையைக் குறுக்கே கடந்து, சென்னயா சதுக்கத்தைத் தொட்டும் தொடாமலும் சுற்றிக்கொண்டு, மாலி கலின்கின் பாலத்தருகே ஃபன்டாங்கா ஆற்றில் சேர்கிறது. நீளம் சுமார் 5 கிலோமீட்டர். அகலம் 32 மீட்டர் அளவுக்கு. குறுக்கே 21 பாலங்கள்.

இது வெட்டிய கால்வாயா, இயற்கையான ஆறா?

இரண்டும்தான். இந்த இடத்தில் முன்பு கிரிவூஷா என்றொரு சிற்றாறு இருந்தது. சதுப்பில் பிறந்து, இஷ்டத்துக்கு வளைந்து நெளிந்து ஓடிய ஓடை. 18ஆம் நூற்றாண்டில் அதை ஆழப்படுத்தி, அகலப்படுத்தி, மேல்முனையை மொய்க்கா வரை நீட்டிக் கருங்கல் கரை கட்டினார்கள். கால்வாய் என்று பெயர் மாறியதே தவிர, கோணல் அப்படியே தங்கிவிட்டது.

பீட்டர்ஸ்பர்க்கை ஒரு முறை வரைபடத்தில் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு வேடிக்கை என்று புரியும். மகா பீட்டர் 1703இல் நிறுவிய நகரம் இது. நீள நீளமான நேர்ச்சாலைகள், ஒரே உயர மாளிகைகள். அதன் நடுவில் இந்த ஒரு கோடு மட்டும் குடித்துவிட்டு நடப்பவன் மாதிரிப் போகிறது. சென்னயா பக்கம் ஒரே பாலத்தில் நின்றுகொண்டு, கால்வாய் எந்தத் திசைக்குப் போகிறது என்று உள்ளூர்க்காரரைக் கேட்டால்கூடக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

யார் வெட்டச் சொன்னது, எதற்காக?

பேரரசி இரண்டாம் கேத்தரின். வேலை 1764இல் தொடங்கி 1790இல் முடிந்தது. திட்டம் போட்டுக் கொடுத்தவர் இலாரியோன் கோலெனீஷெவ்-குத்தூசவ் என்ற ராணுவப் பொறியாளர். வெள்ளத்திலிருந்து நகரத்தைக் காக்க வேண்டும் என்பது முதல் நோக்கம். சதுப்பு நீர் வடிய வேண்டும், விறகும் கல்லும் ஏற்றிய தோணிகள் நகருக்குள் வர வேண்டும் என்ற எண்ணமும் கூடவே இருந்தது. திட்டம் பேரரசிக்கு ரொம்பவே பிடித்துப்போய், வைரம் பதித்த தங்க மூக்குப்பொடி டப்பா ஒன்றைப் பொறியாளருக்குப் பரிசாகக் கொடுத்தார் என்பது பிரபலமான தகவல். கால்வாய்க்கும் பேரரசியின் பெயரையே வைத்தார்கள்: எகத்தெரினா கால்வாய்.

இந்தப் பொறியாளரின் மகன்தான் மிகயீல் குத்தூசவ், 1812இல் நெப்போலியனை எதிர்த்து ரஷ்யப் படையை நடத்திய தளபதி. அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டிருப்பது கசான் தேவாலயத்தில். அந்தத் தேவாலயம் நிற்பதும் இதே கால்வாய்க் கரையில்தான். அப்பா திட்டம் போட்ட கால்வாயிலிருந்து மகனின் சமாதிக்குச் சில நிமிட நடை. வெளியே மகனுக்குச் சிலையும் இருக்கிறது. அப்பாவுக்கு என்ன இருக்கிறது என்றால், பக்கத்தில் நெவ்ஸ்கி சாலையைத் தாங்கும் கசான் பாலம். 1766இல் கட்டப்பட்ட அதன் வேலையில் அவருக்கும் பங்குண்டு. பின்னர், தேவாலயம் எழுந்த காலத்தில், அதை ஒரு சதுக்கம் போல அகலப்படுத்திவிட்டார்கள். நீளத்தைவிட அகலம் பல மடங்கு அதிகம் என்பதால், பாலத்தின் மேல் நடக்கிறோம் என்றே பலருக்குத் தெரியாது.

சரி, வெள்ளத்தைத் தடுத்ததா?

இல்லை. தடுத்திருக்கவும் முடியாது.

பீட்டர்ஸ்பர்க்கின் வெள்ளம் மழையால் வருவதல்ல. பால்டிக் கடலில் புயல் வீசும்போது நீர் பின்லாந்து வளைகுடாவுக்குள் தள்ளப்படுகிறது. வளைகுடா கிழக்கே போகப் போகக் குறுகி, ஆழம் குறைந்துகொண்டே வரும். உள்ளே தள்ளப்பட்ட நீருக்குப் போக்கிடம் இல்லாமல் மட்டம் ஏறி, நகரின் பெரிய ஆறான நெவாவின் முகத்துவாரத்துக்குள் புகுந்துவிடும். கடலே உயர்ந்து நிற்கும்போது எத்தனை கால்வாய் வெட்டினாலும் நீர் எங்கே வடியும்? சொல்லப்போனால் அந்த நேரத்தில் கால்வாய்கள், கடல்நீர் நகருக்குள் வர வழிவிடும் வாய்க்கால்களாகத்தான் வேலை செய்யும்.

கால்வாய் பாதி வெட்டியிருந்தபோதே, 1777இல், நீர் வழக்கமான மட்டத்துக்கு மேல் 3.21 மீட்டர் ஏறியது. 1824 நவம்பரில் 4.21 மீட்டர்; இன்றுவரை அதுதான் உச்சம். புஷ்கினின் 'வெண்கலக் குதிரைவீரன்' கவிதைக்குப் பின்னணியாக இருப்பது அந்த வெள்ளம்தான். 1924இல் மறுபடி 3.80 மீட்டர். பிரச்சினைக்கு முடிவு கட்டியது 2011இல் முழுமையடைந்த அணை. வளைகுடாவின் குறுக்கே 25 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அது, புயல் வரும்போது மதகுகளை மூடிக் கடலை வெளியே நிறுத்திவிடுகிறது. அதாவது, 1764இல் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்க 247 ஆண்டுகள் ஆயின. அந்தப் பதிலிலும் இந்தக் கால்வாய்க்கு வேலை இல்லை.

தங்கச் சிறகு வைத்த விலங்குகள் நிற்கும் பாலம் எது?

வங்கிப் பாலம். 1826இல் திறக்கப்பட்டது. கசான் தேவாலயத்தின் பின்புறம், நடப்பவர்களுக்கு மட்டுமான சின்னத் தொங்குபாலம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் கொஞ்சம் ஒதுங்கித்தான் போக வேண்டும். அகலம் 2 மீட்டர்கூட இல்லை.

விலங்குகள் கிரிஃபின்கள்: சிங்க உடலும் கழுகின் சிறகும் கொண்ட கற்பனைப் பிராணிகள், புராணப்படி தங்கத்துக்குக் காவல். காவல் எதற்கு என்றால், பாலம் போய்ச் சேரும் கட்டடம் அந்தக் காலத்து அரசு வங்கி. ரஷ்யாவில் காகித ரூபிள் 1769இல் அறிமுகமானபோது தொடங்கிய வங்கி அது. இப்போது அங்கே பல்கலைக்கழகம் நடக்கிறது.

கிட்டே போய்ப் பார்த்தால் பொறியாளரின் தந்திரம் தெரியும். பாலத்தைத் தாங்கும் இரும்புச் சட்டம் வெளியே தெரியாமல் வார்ப்பிரும்பு உடல்களுக்குள் ஒளிந்திருக்கிறது. பாலத்தைப் பிடித்துத் தொங்கவிடும் கம்பிகள் கிரிஃபின்களின் வாயிலிருந்து கிளம்புகின்றன. பல்லால் கடித்துப் பாலத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிற மாதிரி ஒரு தோற்றம். சிறகுகள் செம்புத் தகடு, மேலே பொன்முலாம். தலையில் ஆளுக்கொரு விளக்கு வேறு. பொறியாளர் வில்ஹெல்ம் டிரெட்டர், சிற்பி பாவெல் சக்கலோவ். இதே இருவர் அதே ஆண்டு கால்வாயின் கீழ்ப்பகுதியில் சிங்கப் பாலத்தையும் முடித்தார்கள். அங்கே நான்கு வெள்ளைச் சிங்கங்கள் அதே வேலையைச் செய்கின்றன. கூட்டம் எல்லாம் கிரிஃபின்களிடம்தான். எனக்கென்னவோ சிங்கப் பாலம்தான் அழகு. அங்கே கால்வாய் சட்டென்று திரும்புகிறது, பாலம் அந்தத் திருப்பத்தில் நிற்கிறது.

கிரிஃபினைத் தொட்டால் காசு சேரும் என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. வங்கி அங்கிருந்து போய்ப் பல காலமாகிவிட்டதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

உண்மையிலேயே இது சாக்கடையாக இருந்ததா?

இருந்தது, ரொம்ப நாள் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் பீட்டர்ஸ்பர்க்கின் மக்கள்தொகை வேகமாகப் பெருகியது. கழிவுநீர்க் குழாய் அமைப்பு கூடவே வளரவில்லை. வீட்டுக் கழிவும் சந்தைக் குப்பையும் கால்வாயில் வந்து விழுந்தன. நீரோட்டம் மெதுவானது, வளைவு அதிகம், எதுவும் அடித்துக்கொண்டு போகாது. இதே நீரைத்தான் கரையோர மக்களில் பலர் வீட்டுக்கும் எடுத்தார்கள்.

1831இல் காலரா வந்தது. சென்னயா சதுக்கத்தில், அதாவது கால்வாயிலிருந்து கூப்பிடு தூரத்தில், மருத்துவர்கள்தான் விஷம் வைக்கிறார்கள் என்ற வதந்தி கிளம்பி, கூட்டம் காலரா மருத்துவமனையை அடித்து நொறுக்கியது. ஜார் முதலாம் நிக்கலாய் நேரில் வந்து கூட்டத்தின் முன் பேச வேண்டியிருந்தது. ஜார் பேசி அடங்கியது கலவரம் மட்டும்தான். பின்னாலும் பல முறை காலரா திரும்பி வந்தது.

நாற்றம் தாங்காமல், கால்வாயை மண் போட்டு மூடிச் சாலை ஆக்கிவிடலாம் என்ற யோசனைகளும் அந்த நூற்றாண்டில் எழுந்தன. எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் மேலே சொன்ன பாலங்களும் இருந்திருக்காது, இந்தப் பக்கமும் இருந்திருக்காது. நகரின் கழிவுநீரைப் பெரிய அளவில் சுத்திகரிக்கும் முதல் நிலையம் 1978இல்தான் இயங்கத் தொடங்கியது.

தஸ்தயேவ்ஸ்கிக்கும் கால்வாய்க்கும் என்ன சம்பந்தம்?

1860களில் அவர் கால்வாயிலிருந்து சில நிமிட நடையில், இன்று கஸ்னச்செய்ஸ்கயா எனப்படும் தெருவில் குடியிருந்தார். 1866இல் வெளிவந்த 'குற்றமும் தண்டனையும்' நாவலை எழுதியது அங்கேதான். அதன் முதல் வாக்கியத்திலேயே கால்வாய் வந்துவிடுகிறது: கடுங்கோடை மாலையில் ஓர் இளைஞன் தன் அறையிலிருந்து இறங்கி 'கே' பாலத்தை நோக்கி மெதுவாக நடக்கிறான். அந்தப் பாலம் கக்கூஷ்கின் பாலம். வட்டிக்குக் கொடுக்கும் கிழவியின் வீட்டையும் ஒரு பக்கச் சுவர் கால்வாயைப் பார்த்திருக்கும்படி வைத்தார். தன் வாசலிலிருந்து அங்கே சரியாக 730 காலடி என்று அந்த இளைஞன், ரஸ்கோல்நிகவ், எண்ணி வைத்திருக்கிறான்.

கால்வாயைக் கால்வாய் என்றுகூட நாவல் மதிப்பதில்லை. பள்ளம், வாய்க்கால் என்ற தொனியில்தான் குறிப்பிடுகிறது. கிழவியைக் கொன்ற பிறகு ரஸ்கோல்நிகவ் பாலத்தில் நின்று நீரையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் ஒரு பெண் கைப்பிடியைத் தாண்டிக் குதித்துவிடுகிறாள். கருங்கல் கரையில் நீர்மட்டம் வரை இறங்கும் படித்துறைகள் இருக்கின்றன அல்லவா, அதில் ஒன்றில் ஒரு போலீஸ்காரர் ஓடி இறங்கி, மேல்கோட்டையும் பூட்சையும் கழற்றிப் போட்டுவிட்டு அவளை இழுத்துக் கரை சேர்க்கிறார். தானும் அப்படிச் சாகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவனுக்கு அந்தத் தண்ணீரே அருவருப்பாகிவிடுகிறது. அன்றைய கால்வாயின் நிலைமை தெரிந்தால் இதைத் தத்துவமாக மட்டும் வாசிக்கத் தோன்றாது. நிஜமாகவே அருவருப்பான தண்ணீர் அது.

கக்கூஷ்கின் பாலத்தருகே உள்ள ஸ்வெர்கவ் வீட்டில் அதற்கு முன்பே கோகல் குடியிருந்தார் என்பது துணைத் தகவல். அந்த வீட்டின் பெயரைத் தன் கதை ஒன்றில் அப்படியே போட்டும்விட்டார்.

'வெண்ணிற இரவுகள்' கதையில் நாஸ்தென்கா நிற்பதும் இந்தக் கரையில்தானா?

தமிழில் தஸ்தயேவ்ஸ்கியை வாசித்தவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி. கதையில், கால்வாய்க் கைப்பிடியில் சாய்ந்து ஒரு பெண் அழுதுகொண்டிருக்கிறாள். எந்தக் கால்வாய் என்று ஆசிரியர் சொல்லவில்லை. இதுதான் என்று பலரும் கொள்கிறார்கள். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் மங்காத ஜூன் மாதத்தில் இங்கே நடந்தால் நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

ஜார் மன்னர் கொல்லப்பட்டது இங்கேயா?

ஆமாம். 1881 மார்ச் 1, ஞாயிற்றுக்கிழமை. இது ரஷ்யாவில் அப்போது இருந்த பழைய நாட்காட்டித் தேதி; இன்றைய கணக்கில் மார்ச் 13.

இரண்டாம் அலெக்சாந்தர், 1861இல் பண்ணையடிமை முறையை ஒழித்த ஜார். 'மக்கள் விருப்பம்' என்ற ரகசியப் புரட்சி இயக்கம் அவரைக் கொல்லப் பல முறை முயன்று தோற்றிருந்தது. அன்று அவர் ராணுவ அணிவகுப்பைப் பார்த்துவிட்டு, மிகயீல் அரண்மனையில் உறவுக்காரப் பெண்மணியைச் சந்தித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். அவர் வழக்கமாகப் போகும் வீதி ஒன்றின் அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்திருந்தார்கள். அவர் அந்த வழியே வரவில்லை. உடனே இயக்கத்தைச் சேர்ந்த சோஃபியா பெரோவ்ஸ்கயா ஆட்களைக் கால்வாய்க் கரைக்கு மாற்றினார். வண்டி வருவதைக் கண்டதும் கைக்குட்டையை அசைத்துச் சைகை கொடுத்தவரும் அவரே.

முதல் குண்டை வீசியவன் ரிசக்கோவ். வண்டி பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் பரிசளித்தது, குண்டு தாங்கும்படி செய்தது. ஜாருக்கு ஒன்றும் ஆகவில்லை. காவலுக்கு வந்தவர்களும் வழியில் நின்ற ஒரு சிறுவனும் அடிபட்டு விழுந்தார்கள். அப்படியே வண்டியை ஓட்டியிருந்தால் பிழைத்திருப்பார். இறங்கினார். பிடிபட்டவனையும் அடிபட்டவர்களையும் பார்க்கப் போனார். கால்வாய்க் கைப்பிடியில் சாய்ந்து நின்றிருந்த கிரினெவித்ஸ்கி இரண்டாவது குண்டை அவர் காலடியில் எறிந்தான். கால்கள் சிதைந்த ஜாரைச் சறுக்குவண்டியில் குளிர்கால அரண்மனைக்குக் கொண்டுபோனார்கள். அன்று பிற்பகலே இறந்தார். எறிந்தவனும் அன்றிரவு இறந்தான். பெரோவ்ஸ்கயா உள்ளிட்ட ஐந்து பேர் அடுத்த மாதம் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் குண்டு செய்து கொடுத்த கிபால்ச்சிச், சாவதற்கு முன் சிறை அறையில் உட்கார்ந்து ராக்கெட்டால் பறக்கும் ஊர்தி ஒன்றின் வரைபடத்தைப் போட்டுக்கொண்டிருந்தார்.

இன்னொன்று: பிரதிநிதிகளைச் சேர்த்துச் சட்டம் பற்றி ஆலோசிக்கும் ஒரு சீர்திருத்தத் திட்டத்துக்கு ஜார் அன்று காலையில்தான் ஒப்புதல் கொடுத்திருந்தார். அவருக்குப் பின் வந்த மகன் அதைக் கிடப்பில் போட்டுவிட்டார்.

அந்தத் தேவாலயம் ஏன் தண்ணீருக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறது?

தொடக்கத்தில் சொன்ன வண்ணக் கூம்புத் தேவாலயம், கொல்லப்பட்ட ஜாரின் நினைவாகக் கட்டியது. குண்டு வெடித்த இடம் கரையின் ஓரம், கைப்பிடியை ஒட்டி. அந்த இடமே தேவாலயத்துக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். வேறு வழியில்லாமல் கட்டடத்தைக் கால்வாய்க்குள் நீட்டிக் கட்டினார்கள். அந்த இடத்தில் மட்டும் கால்வாய் குறுகிவிட்டது. உள்ளே போனால், அலங்கார விதானத்துக்குக் கீழே பழைய தெருவின் கற்களும் கைப்பிடியின் ஒரு துண்டும் அன்றிருந்தபடியே இருக்கின்றன. பளபளக்கும் தரைக்கு நடுவே, கொஞ்சம் தாழ்வாக, அழுக்குத் தெருக்கல். சுற்றிலும் 7,000 சதுர மீட்டருக்கும் மேல் மொசைக் ஓவியம் இருந்தும் என் கண் அந்தக் கல்லுக்குத்தான் போகிறது.

1883இல் தொடங்கி 1907இல் திறந்தார்கள். முதன்மைக் கட்டடக்கலைஞர் அல்ஃப்ரெட் பார்லாண்ட். தண்ணீரின் மேல் நிற்கும் மணிக்கூண்டுச் சுவரில் மாகாணங்கள், நகரங்களின் சின்னங்கள் 134 இருக்கின்றன. பணம் கொடுத்தது யார் என்று சொல்லும் சுவர் அது. படகில் வந்தால்தான் நன்றாகத் தெரியும்.

சோவியத் காலத்தில் என்ன ஆனது?

தேவாலயத்துக்கு நல்ல காலம் இல்லை. 1930இல் பூட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராட் (அப்போது ஊரின் பெயர் அதுதான்) முற்றுகையின்போது பிணவறையாக இருந்தது, அப்புறம் நாடக மேடைச் சாமான்கள் போட்டுவைக்கும் கிடங்கு. காய்கறி அடுக்கிவைத்த நாட்களை வைத்து 'உருளைக்கிழங்கின் மேல் மீட்பர்' என்று ஊர் கேலி செய்தது. உண்மைப் பெயர் 'சிந்திய இரத்தத்தின் மேல் மீட்பர்'. போர்க்காலப் பீரங்கிக் குண்டு ஒன்று கூரைக்கூம்பில் வெடிக்காமல் சிக்கிக் கிடந்து, 1961இல்தான் கண்டெடுக்கப்பட்டது. மராமத்துக்குப் போட்ட சாரம் இறங்குவேனா என்று நின்றது பல்லாண்டு. மறுபடி மக்களுக்குத் திறந்தது 1997இல், அருங்காட்சியகமாக.

கால்வாய்க்கு மாறியது பெயர்தான். பேரரசியின் பெயர் புரட்சி அரசுக்கு உதவாது என்பதால், 1923இல் அலெக்சாந்தர் கிரிபயேதவ் பெயர் வந்தது. நாடக ஆசிரியர், தூதர். 1829இல் டெஹ்ரானில் ரஷ்யத் தூதரகத்தைத் தாக்கிய கும்பலால் கொல்லப்பட்டவர். இளமையில் கொஞ்ச காலம் இதே கரையில் குடியிருந்தார், ஆகவே சம்பந்தமில்லாத பெயரும் அல்ல. ஊரின் பெயர் லெனின்கிராடிலிருந்து 1991இல் பழையபடி மாறியது. கால்வாயின் பெயர் மாறவில்லை.

முழுக்க நடந்து பார்க்கலாமா? படகு உண்டா?

தாராளமாக. நெவ்ஸ்கி பிராஸ்பெக்ட் மெட்ரோ நிலையத்தின் ஒரு வாசல் கால்வாய்க் கரையிலேயே திறக்கிறது. பெரும்பாலானோர் அங்கிருந்து தேவாலயம் வரை போய்ப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் எதிர்த்திசையில் போங்கள். வங்கிப் பாலம், சென்னயா, கக்கூஷ்கின் பாலம், சிங்கப் பாலம் என்று போனால் கூட்டம் குறைந்துகொண்டே வரும். கிரியூக்கவ் கால்வாய் குறுக்கிடும் இடத்தில் பிக்கலவ் பாலத்தில் நின்றால் சுற்றிலும் ஏழு பாலங்கள் கண்ணில் படும். கொஞ்சம் தள்ளி நிக்கோல்ஸ்கி தேவாலயத்தின் மணிக்கூண்டு.

குளிர்காலத்தில் கால்வாய் உறைந்துவிடும், படகு கிடையாது. வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை உண்டு. பாலங்கள் ரொம்பத் தாழ்வானவை. அடியில் போகும்போது எழுந்து நிற்காதீர்கள் என்று படகுக்காரர் சொல்வார், அது சும்மா சொல்வதல்ல. நெவ்ஸ்கிக்கு அடியில் நுழையும்போது கொஞ்ச நேரம் இருட்டாகவே இருக்கும், கசான் பாலம் அவ்வளவு அகலம். கேமராவைத் தேவாலயப் பக்கம் வெளியே வந்தபிறகு எடுத்தால் போதும்.